கக்கத்துக் குடை

"பெரிய தொரை எனக்குக் குடை புடிச்சாரு" என்றார் மூக்கையா. "பங்களா முன்வாசல்ல இருந்து கேட்டு வரைக்கும். தங்கப் புடி போட்ட குடை. தேர்ல சாமி வார மாதிரி வந்தோம், நானும் எம் பொண்டாட்டியும்."

பிள்ளை மடுவத்துக்குள் சிரிப்பு எழுந்தது. பெரிய சிரிப்பில்லை. வாரம் பூராவும் மலையில் கொழுந்தெடுத்த சனம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிரிக்கக்கூடிய அளவுச் சிரிப்பு. வேலை நாட்களில் தாய்மார் விட்டுப்போகும் கைக்குழந்தைகள் அங்கே தூங்கும். ஞாயிறுகளில் ஏணைச் சேலைகளைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு சுமித்ரா டீச்சர் வாசகர் வட்டம் நடத்துவாள். அப்போதும் அங்கே பாதிப் பேர் தூங்கத்தான் செய்தார்கள். சுவரில் சாய்ந்தால் கண் சொக்கும். கதை சோகமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் சொக்கும்.

இந்த முறைப் புத்தகம் தலையணைக்கு வைக்கும் தடிமன். தென்னாப்பிரிக்கக் கதை, தமிழில் வந்தது. றக்வான டவுனில் காகிதக் கடை வைத்திருக்கும் றஊப் நானா, யாரும் வாங்காத புத்தகங்களை டீச்சருக்கு இரவல் கொடுப்பார். இதைக் கொடுக்கும்போது, "கரையான் வாசிச்சது போக மிச்சம் இருக்கு டீச்சர், பாருங்க" என்றாராம். நிறவெறிச் சட்டம் நடந்த காலத்தில், தகரக் குடிசைகளுக்கு நடுவே வளர்ந்த ஒரு பெண்பிள்ளையின் கதை. கறுப்பருக்கு ஒரு குழாய், வெள்ளையருக்கு ஒரு குழாய். கடைக்குக் கூட வேறு வேறு வாசல். எல்லாவற்றிலும் பலகை அடித்து எழுதியிருக்கும்.

"மாமா, உங்களக் கதையப் பத்திப் பேசச் சொன்னேன்" என்றாள் சுமித்ரா. "நீங்க குடையப் பத்திப் பேசுறீங்க."

"இதுவும் அந்தக் கதைதான் டீச்சர். பொறுங்க, வருது."

"பொய்" என்றது வாசல் பக்கத்துக் குரல்.

சந்தனம் அப்பு. பங்களாவில் மூன்று தலைமுறைத் துரைமாருக்குச் சமைத்துப் பரிமாறியவர். வேலை முடிந்தும் பங்களா குசினியை ஒட்டிய காம்பராவை விட்டு இறங்கவில்லை. துரைமாரும் இறங்கச் சொல்லவில்லை. சட்டை மாறும், தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டு மாறாது. அந்தத் துண்டைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். யாராவது தெரியாத்தனமாகப் பங்களா முன்பாதையில் கால் வைத்தால் அப்பு குசினி வாசலில் வந்து நிற்பார். வாய் திறக்க மாட்டார். துண்டை எடுத்து ஒரு உதறு உதறுவார். ஆள் திரும்பிப் பின்பக்கப் படி வழியாகப் போய்விடும்.

"தொரை குடையும் புடிக்கல, கிடையும் புடிக்கல" என்றார் சந்தனம். "பங்களாவுல இருக்கிறவன் நான். எனக்குத் தெரியாம அங்க ஒரு பூனை குட்டி போடாது."

அவ்வளவுதான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அப்பு பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூக்கையா இஸ்டோரில் தேயிலை அரைக்கும் மெசினில் நின்று ஓய்வு பெற்றவர். அவருடைய கைக்கடிகாரம் அந்த மெசினுக்குள் விழுந்து, தூளோடு தூளாக லண்டனுக்குக் கப்பலேறி, அங்கே ஒரு சீமாட்டியின் கோப்பைக்குள் டிக் டிக்கென்று ஓடியதாகச் சொன்னவர். றக்வான மலை ரோட்டில் வளைவு எவ்வளவு மோசமென்றால், பஸ் திரும்பும்போது முன் சீட்டில் இருந்த தான் பின் சீட்டுக்காரனிடம் ஜன்னல் வழியாக வெற்றிலை வாங்கிப் போட்டதாகச் சத்தியம் பண்ணியவர். அப்படிப்பட்ட வாயிலிருந்து உண்மை வந்தால் அதற்கு யார் எழுந்து இடம் கொடுப்பார்கள்?

சனம் நம்பாமல் சிரிப்பது மூக்கையாவுக்குப் பழகிப்போன விஷயம். சொல்லப்போனால் பிடித்த விஷயம். இன்றைக்கு மட்டும் அது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த சதீஸைத்தான் பார்த்தார்.

சதீஸ் ஆட்டோ ஓட்டுகிறவன். நாளைக்கு மூக்கையாவின் பொண்டாட்டி மூக்காயிக்கு றக்வான ஆஸ்பத்திரியில் கிளினிக்.

"தம்பி, நாளைக்கு ஆட்டோவ லயத்துக்கே கொண்டு வந்துரு. பங்களா ரோட்டால."

"மாமா, சும்மா இருங்க. போன வருசம் அந்தக் கேட்டுக்கிட்ட வண்டிய திருப்புனதுக்கே அப்பு துண்ட உதறினாரு. நான் பாலத்தடியில நிக்கிறேன், வழக்கம் போல."

"அத்தையால படி எறங்க ஏலாதுடா."

"அப்பு சொல்லட்டும், தொரை விட்டாருன்னு. மறு பேச்சில்லாம வாறேன்."

துரையிடமே கேட்டிருக்கலாம். ஆனால் துரை லீவில் ஊருக்குப் போயிருந்தார், செவ்வாய்க்கிழமைதான் வருவார். வந்தாலும் யார் போய்க் கேட்பது என்பது இன்னொரு கேள்வி. அந்தக் கேள்வியைத் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

*

தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்குப் போக இரண்டு வழி. ஒன்று பங்களா முன்னால் போகும் சரளை ரோடு. வண்டி போகும், சமதரை, இரண்டு பக்கமும் குரோட்டன் செடி. மற்றது குசினிக்குப் பின்னால், கல் படியில் இறங்கி, தேயிலைக்குள் புகுந்து, ஓடையின் மேல் கிடக்கும் மரப்பாலத்தைத் தாண்டிப் போவது. அந்தப் படியைக் கட்டியவன் மனிதர்களுக்காகக் கட்டவில்லை, வரையாடுகளுக்காகக் கட்டியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் அங்கே அட்டைகள் வரிசையில் நின்று ஆளை வரவேற்கும்.

லயத்துச் சனம் பின்வழியால்தான் போகும். அதிலும் ஒரு வளைவில் பங்களா விறாந்தை தெரியும். துரை அங்கே நின்றால் குடையை மடக்க வேண்டும். வெயிலோ மழையோ, அந்த வளைவைத் தாண்டிய பிறகுதான் விரிக்க வேண்டும். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. போட்ட துரை செத்து, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கொழும்புக்குப் போய், தோட்டம் கைமாறி, பெயர்ப்பலகை கூட மாறிவிட்டது.

மூக்காயிக்கு ஒரு வருஷமாகக் கால் வீக்கம். மூச்சும் வாங்கும். வாழ்நாள் முழுக்கக் கூடையோடு மலை ஏறி இறங்கியவளுக்கு இப்போது அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் ஒரு பயணம். கிளினிக் நாள் வந்தால் முதல் நாளே முகம் வாடிவிடும். டாக்டருக்குப் பயந்தில்லை. படிக்குப் பயந்து.

மாலையில் அவள் கால் நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பாள். மூக்கையா அந்தத் தடிப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பார். உள்ளதை மட்டும் வாசித்தால் அவர் மூக்கையா இல்லை. தென்னாப்பிரிக்காவுக்குள் ஒரு சிறுத்தையை விட்டார். எம்பிலிப்பிட்டியச் சந்தையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அங்கே ஒரு டவுனில் வைத்தார். அந்தப் பிள்ளையும் அம்மாவும் காட்டு வழியில் நடந்தபோது காலில் அட்டை ஏறியது.

"அங்க ஏதுங்க அட்டை?" என்றாள் மூக்காயி.

"ஏன் இல்ல? இருக்கு. வெள்ளைக்காரனக் கடிக்காத அட்டை. சட்டம் தெரிஞ்ச அட்டை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவும் மூச்சு வேண்டியிருந்தது.

ஒரு நாள் ஓர் அத்தியாயம் வந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைக்கிறவள். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்பாள். நிற்கும் இடத்தில் ஒரு பெஞ்சு இருக்கும், வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை இருக்கும். நின்று நின்று நரம்பு புடைத்த காலோடு வீட்டுக்கு வருவாள். காலம் போகிறது. சட்டம் போகிறது. பிள்ளை வளர்ந்து, படித்து, வேறு ஊருக்குப் போய்த் திரும்பி வருகிறாள். பலகையைக் கழற்றி எத்தனையோ காலம். பெஞ்சு வெறுமையாகக் கிடக்கிறது. கிழவியாகிவிட்ட அம்மா அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள்.

மூக்கையா அதில் சிறுத்தையும் விடவில்லை, அட்டையும் விடவில்லை. வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"இதுவும் நீங்களாச் சேத்ததா?"

"இல்ல."

எண்ணெய்க் கை அப்படியே முழங்காலில் நின்றது. மூக்காயி சொன்னாள்: "உக்காந்திருக்கலாம் அவ."

*

போன மாதக் கிளினிக் நாளன்று பெய்த மழையைப் பற்றி மூக்கையா சொல்வதைக் கொஞ்சம் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓடை மேல்நோக்கி ஓடவில்லை. லயத்துக் கூரையில் மீன் துள்ளவில்லை. ஆனாலும் நல்ல மழை.

இரண்டு பேரும் ஒரே குடையில், பாதை பிரியும் இடத்துக்கு வந்தார்கள். மூக்கையாவின் கால் தானாகப் பின்படிக்குத் திரும்பியது. கழுதைக்குக் கூட அவ்வளவு பழக்கம் இருக்காது. மூக்காயி திரும்பவில்லை.

"என்ன புள்ள?"

"என்னால ஏலாதுங்க."

"மெதுவா எறங்கலாம். நான் புடிக்கிறேன்."

"நீங்க புடிச்சா ரெண்டு பேரும் சேந்து விழுவோம்" என்று சொல்லிவிட்டு அவள் முன்ரோட்டில் நடந்தாள். வீராப்பாக இல்லை. கோபமும் இல்லை. இனிமேல் பயப்படுவதற்கும் உடம்பில் தெம்பில்லாத நடை. பங்களா முற்றத்தில் பூச்செடிக்கு நடுவே ஒரு சீமெந்துப் பெஞ்சு உண்டு. நேராகப் போய் அதில் உட்கார்ந்துவிட்டாள்.

மூக்கையா பாதை பிரியும் இடத்திலேயே நின்றார். குசினி வாசலைப் பார்த்தார், துண்டைக் காணவில்லை. ஓடிப்போய் அவளுக்குப் பக்கத்தில் நின்று குடையைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து விறாந்தைக் கதவு திறந்தது. புதுத் துரை வெளியே வந்தார். வந்து ஆறு மாதம் கூட ஆகாத இளவட்டம்.

மூக்கையாவின் கை தானாகக் குடையை மடக்கியது. மடக்கிக் கக்கத்தில் வைத்தது.

கொட்டும் மழை. பெஞ்சில் ஒரு கிழவி, பக்கத்தில் கும்பிட்டபடி ஒரு கிழவன், அவன் கக்கத்தில் ஒரு நல்ல குடை. தண்ணீர் இரண்டு பேர் தலையிலும் கொட்டுகிறது. துரை கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பாவம், அந்த மனுஷன் எந்தப் பள்ளிக்கூடத்தில் இதைப் படித்திருப்பார்? உள்ளே போய்ப் பெரிய கறுப்புக் குடை ஒன்றை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார்.

"குடே கெடிலாத?"

குடை உடைந்துவிட்டதா என்று கேட்கிறார். மூக்கையா சிங்களம் நன்றாகப் பேசுவார். குருவிட்ட மாணிக்க வியாபாரிகளோடு பேரம் பேசி அவர்களை அழவைத்ததாகச் சொல்வார். அன்றைக்கு அவருக்கு வந்தது ஒரே பதில்.

"ஒவ் சேர். கெடிலா."

ஆமாம் சேர், உடைந்துவிட்டது. வேறென்ன சொல்வது? உங்களைக் கண்டதும் மடக்கினேன் என்றா?

துரை மூக்காயியைப் பார்த்தார். வீங்கிய காலைப் பார்த்தார். எங்கே போகிறீர்கள் அம்மா என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு, ஆட்டோ பாலத்தடியில் நிற்கிறது என்றாள் மூக்காயி. "பாலத்தடியிலா? இந்தக் காலோடு அந்தப் பக்கமாக எதற்குப் போகிறீர்கள்?"

அந்தக் கேள்விதான் மூக்கையாவை அன்றிரவு தூங்கவிடவில்லை. கேலியில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். இந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்கிற ஆள் பங்களாவுக்குள் யாருமே இல்லை என்பது, அந்த ஈர மண்டைக்குள் அப்போதுதான் இறங்கியது. எத்தனை காலமாக இல்லையோ.

"மேக்கென் யன்ன" என்றார் துரை. இதால் போங்கள். "ஆட்டோவையும் இனி இதால் வரச் சொல்லுங்கள்." மூக்காயி எழும்பக் கை கொடுத்து, குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தபடி, அவள் வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்து, கேட்டு வரைக்கும் வந்தார். மூக்கையா பின்னால் நடந்தார், நல்ல குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நனைந்துகொண்டு. உடைந்துவிட்டது என்று சொன்ன குடையை இனி எப்படி விரிப்பது?

கேட்டிலிருந்து வளைவைச் சுற்றிப் பாலத்தடிக்கு வந்தபோது சதீஸ் கண்டதெல்லாம், முழுக்க நனைந்த இரண்டு கிழங்களையும் மடக்கிய குடையையும்தான்.

*

"அதான் கேக்கிறேன்" என்றான் சதீஸ் இப்போது, மடுவத்தில். "தொரை குடை புடிச்சிருந்தா ஏன் மாமா தெப்பமா நனைஞ்சு வந்தீங்க? உங்க குடை வேற கக்கத்துல இருந்துச்சே."

"தங்கப் புடி கண்ணக் கூசி வழி தெரியாமப் போயிருக்கும்" என்றது ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு.

மூக்கையா பதில் சொல்ல வாயெடுத்தார். தங்கப் பிடியைச் சேர்த்தது தப்பு என்று அவருக்கே பட்டது. வெறும் குடையாக விட்டிருக்கலாம். ஆனால் வெறும் குடையை யார் கேட்பார்கள்?

மூக்காயி மூலையில் மேட்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் சாட்சி கேட்கவில்லை. புருஷன் பொய்க்குப் பொண்டாட்டி சாட்சி எடுபடாது. அவளாகவே பேசினாள்.

"விடுங்க. நடக்கலைன்னா நடக்கல. நாளைக்கு நான் கிளினிக் போகல, அவ்வளவுதானே. படியில எறங்க மாட்டேன். உடம்பும் சொன்னாக் கேக்க மாட்டேங்குது, சொல்லிச் சொல்லி வாயும் வலிக்குது."

சதீஸ் தலையைக் குனிந்துகொண்டான். சந்தனம் வெளியே பார்த்தார்.

சுமித்ரா பேச்சை மாற்றத்தான் புத்தகத்தை எடுத்தாள். மூக்கையா மடித்து வைத்திருந்த பக்கம் தானாகத் திறந்தது. பெஞ்சு வரும் பக்கம். அவள் டீச்சர், குரலை ஏற்றாமல் இறக்காமல் வாசித்தாள். தூங்கினவர்கள் தூங்கினார்கள். முழித்திருந்தவர்கள் அந்தக் கிழவியோடு பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"டீச்சர்" என்றார் சந்தனம். அவர் இந்த வட்டத்தில் ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை. வாசலோடு வந்து வாசலோடு போகிறவர். "பலகையக் கழட்டுனதை அந்தம்மாவுக்கு யாரும் சொல்லலையா?"

"எல்லாருக்கும் தெரியுந்தானே அப்பு. அவங்களுக்கும் தெரியும்."

"தெரியும். யாராவது சொன்னாங்களா? வாயால? இந்தா, இங்க உக்காருன்னு?"

சுமித்ரா பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இல்ல அப்பு. அப்பிடி ஒண்ணும் எழுதல."

மூக்கையாவின் நாக்கு நுனியில் ஒரு பேச்சு வந்து நின்றது. அந்த ஊரில் பலகை அடித்தார்கள், நமக்குப் பலகையே வேண்டாம், உன் துண்டு போதும் மச்சான் என்று. அருமையான பேச்சு. சொன்னால் மடுவமே அதிரும். சந்தனத்தின் கையைப் பார்த்தார். அது தோள் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தது. கறி தாளித்துத் தாளித்துத் தோல் சுட்ட கை. பரிமாறித் தேய்ந்த அந்த மனுஷனும் இத்தனை காலம் அதே பின்வாசலால்தான் போய் வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மூக்கையா கையில் கிடைத்த நல்ல பேச்சு ஒன்றை விழுங்கினார்.

வெளியே தூறல் பிடித்தது. யாரோ கொட்டாவி விட்டார்கள்.

"தங்கப் புடியெல்லாம் இல்ல" என்றார் சந்தனம்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"மரப் புடி. ஒரு கம்பி வளைஞ்சிருக்கும், கொழும்புல வாங்கினது." அவர் யார் முகத்தையும் பார்க்காமல், குசினிச் சாமான் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "இவன் தேர்ல வந்த மாதிரியும் வரல. பின்னால கோழி மாதிரி நனைஞ்சுக்கிட்டுப் போனான். குடை மூக்காயி தலைக்கு மேல இருந்துச்சு. தொரை தலைக்கு மேல இல்ல."

"மச்சான்" என்றார் மூக்கையா.

"நீ பேசாத. பேசினா அதுல ஒரு யானையச் சேத்துருவ." சந்தனம் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் குசினி வாசல்லதான் நின்னேன். கூரையோரம், செவரோட செவரா. இத எடுத்து உதறப் போனேன். அதுக்குள்ள அவரு எறங்கிட்டாரு."

சதீஸ் நிமிர்ந்தான். "அப்ப அப்பு, நாளைக்கு..."

"முன்வாசலால வா. லயம் வரைக்கும் போ. கேட்டு நான் தொறந்து வைக்கிறேன்." எழும்புவதற்கு முழங்காலில் கை ஊன்றினார், அவருக்கும் வயது ஆகத்தான் செய்கிறது. "தொரையோட நனைஞ்ச சப்பாத்துக்குள்ள பத்திரிகைய அடைச்சு அடுப்போரம் வச்சது நான்தான். அது காயவே ரெண்டு நாள் போச்சு. நடந்துச்சு தம்பி. அவன் சொன்னது நடந்துச்சு."